பால்குடம் தூக்கமாட்டேன் என்கிற பையனுக்காக

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், வராது. பதிலை மட்டும் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் நடந்தது செலாயாங்கிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் நடக்கிறதுதான். உங்களுக்காவது எழுதிக் கேட்கத் தோன்றியது. பல வீடுகளில் அம்மாவும் வாய் திறப்பதில்லை, பிள்ளையும் வாய் திறப்பதில்லை, அப்படியே காலம் ஓடிவிடுகிறது.

மற்றவர்களுக்கும் விளங்கவேண்டுமே, அதனால் நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தவனுக்காக வேண்டிக்கொண்ட பால்குடத்தை இந்தத் தைப்பூசத்துக்கு எடுக்கவேண்டும். விரதம் இருந்தான், சைவம் சாப்பிட்டான், பாய் விரித்துத் தரையில் படுத்தான். ஒருநாள் விடிகாலையில் யாரும் எழுவதற்குள் பாயையும் கைலியையும் தானே அலசிப் போட்டிருக்கிறான். அன்றிலிருந்து முகம் சரியில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், "எனக்குத் தீட்டாயிருச்சும்மா, நான் பால்குடம் தூக்கமாட்டேன், முருகன் தண்டிச்சிருவாரு" என்று அழுதிருக்கிறான். கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஜொகூர்ப் பக்கம். "இதை அவங்க அப்பாதானே சொல்லணும், பொம்பள நான் எப்படிச் சொல்வேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னவனுக்கு எட்டு வயது, அவனுக்கு எப்போது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் அரசாங்கக் கிளினிக்குகளில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்கள் இன்னமும் என்னை 'டிரஸ்ஸர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் பயத்தைத் தீர்ப்போம். அவன் விரதத்தை முறிக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதில் மூளையின் அடிப்பக்கத்திலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு வரத் தொடங்குகிறது. ஆரம்பத்தில் அந்த உத்தரவு பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில்தான் வரும். அதைக் கேட்டு விதைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. விந்து உருவாகத் தொடங்குகிறது, ஏதோ ஓர் இரவில் தானாகவே வெளியேறுகிறது. கெட்ட எண்ணம் வந்ததால் இது வருவதில்லை. சில பையன்களுக்கு அடிக்கடி வரும், சிலருக்கு எப்போதாவது வரும், சிலருக்கு வராமலேயே போகும். மூன்றுமே நலம்தான்.

விரதக் காலத்தில் அடக்கமாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் பேசுவது அவன் காதில் விழுந்திருக்கும். அது கல்யாணம் ஆனவர்கள் தாமாக ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு. தூங்குகிற பிள்ளையின் உடம்பு செய்ததை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. எழுந்து குளிக்கட்டும், துணியை மாற்றட்டும், விளக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டு விரதத்தைத் தொடரட்டும். எனக்குப் பழக்கமான குருக்கள் ஒருவரிடமும் கேட்டேன். குளித்தால் போதும், பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்றார். பத்துமலைப் படிகளுக்கு முன்னால் 42.7 மீட்டர் உயரத்தில் நிற்கிற தெய்வம் இளமையின் தெய்வம். பிள்ளைக்கு இளமை வருவதைப் பார்த்து அது கோபப்படும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. இதை அப்படியே அவனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பால்குடம் எடுக்கிற பையன்கள் பெரும்பாலும் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு நடக்கிறார்கள். பருவம் தொடங்கிய பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்க்காம்புக்குக் கீழே ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ சின்னக் கட்டி மாதிரி தடித்து வலிக்கும். ஹார்மோன்கள் சமநிலைக்கு வரும்வரை இருக்கும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக வடிந்துவிடும். அதுவரை பையன் படும் பாடு கொஞ்சமல்ல. நீச்சலுக்குப் போகமாட்டான், திடலில் சட்டையைக் கழற்றமாட்டான், தோளைக் குறுக்கி நடப்பான். கூட்டாளிகள் கண்ணில் பட்டால் வாய்க்கு வந்த பட்டப்பெயரை வைத்துவிடுவார்கள். உங்கள் மகன் சொன்ன காரணம் தீட்டு. சொல்லாத காரணம் இதுவாகவும் இருக்கலாம். அவனைத் துருவிக் கேட்கவேண்டாம். "மஞ்சள் பனியன் போட்டுக்கிட்டும் எடுக்கலாம்டா, உனக்கு எது வசதியோ அப்படி" என்று போகிற போக்கில் சொல்லிவையுங்கள். கட்டி நாளுக்கு நாள் பெரிதானாலோ நீர் கசிந்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் உடம்பு ஆரோக்கியமாகச் செய்த ஒரு வேலைக்காகத் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறான். நாம் அவனை எங்கே விட்டுவிட்டோம் என்று யோசிக்க வேண்டாமா? பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சேதி சொந்தக்காரர்களுக்குப் போகிறது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் வருகின்றன. தாய்மாமன் சீர் கொண்டுவருகிறார். மண்டபம் எடுத்து, மேடை ஜோடித்து, படம் பிடிக்கிறார்கள். அந்த ஆடம்பரம் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சிறுமியின் உடம்புச் செய்தியை இருநூறு பேருக்கு அழைப்பிதழ் அடித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தச் சடங்குக்குள்ளே ஒரு நல்ல காரியம் இருக்கிறது. நான்கு பெரிய மனுஷிகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, இது எல்லாருக்கும் வருவதுதான், இப்படி நடந்துகொள், இப்படிச் சுத்தமாக இரு என்று சொல்லிவிடுகிறார்கள். பையனுக்கு அந்த நான்கு பேர் இல்லை. "மீசை முளைச்சிருச்சே மாப்பிள்ளைக்கு" என்று ஒரு சிரிப்பு, அதோடு சரி.

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் பையனுக்குச் சுன்னத்துச் செய்கிறார்கள், கெண்டூரி விருந்து வைக்கிறார்கள். அதைவிட முக்கியமானது உஸ்தாஸ் நடத்துகிற சமய வகுப்பு. தூக்கத்தில் விந்து வெளியேறுவது பாலிக் ஆனதற்கு, அதாவது வயதுக்கு வந்ததற்கு, அடையாளம், அப்படி வந்தால் முறைப்படி தலைக்குக் குளிக்கவேண்டும், பிறகு தொழலாம் என்று அந்த வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பையனும் ஓரிரவு விழித்துப் பார்க்கிறான். எழுந்து குளிக்கிறான், தொழுகிறான், பள்ளிக்குப் போகிறான். நம் பையன் விரதம் போச்சு என்று அழுகிறான். இருவருக்கும் உடம்பு ஒன்றுதான். ஒருவனுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் நமக்கும் ஏதோ ஒரு வழி இருந்தது. லயத்து வரிசையில் மாமன் இருந்தார், சித்தப்பா இருந்தார், ஆற்றில் ஒன்றாகக் குளிக்கிற பெரிய பையன்கள் இருந்தார்கள். ரொம்பவும் பயந்தால் டிரஸ்ஸரிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அவர்கள் சொன்னதில் பாதி தப்புதான், ஆனாலும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒருவன் நினைக்க இடமில்லை. தோட்டங்கள் துண்டுபட்டு, ஜனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகு, மாமன் ரவாங்கில், சித்தப்பா பந்திங்கில். பையன் பதினோராவது மாடியில் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு இருக்கிறான்.

பள்ளியில் சொல்லித்தருவதில்லையா என்று கேட்பீர்கள். பாடம் இருக்கிறது. 2011இல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து தமிழ்ப்பள்ளிகளில் நலக்கல்வி முதலாம் ஆண்டிலேயே தொடங்குகிறது. இனப்பெருக்க நலமும் சமூக நலமும் அதில் ஒரு பகுதி. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் வருகிறது. மேல் வகுப்புகளில் உடல் மாற்றங்களும் வருகின்றன. மனமுவந்து நடத்துகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பக்கம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போகிற வகுப்புகளும் உண்டு. பேச்சாளரை அழைத்துப் பெண்பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைக்கும்போது, ஆண்பிள்ளைகளைப் பந்தடிக்கத் திடலுக்கு அனுப்பிவிடுகிற வழக்கமும் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கும் ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள். யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டி, பருவ மாற்றத்தைப் பற்றிய விரிவான பாடத்தை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் வைக்கிறது. சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போவான் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பதையும் அதே வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது.

நாம் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். தமிழ்த் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் வருகிற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இளம் வயதில் அறியாமல் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு இரத்தம் என்று பயமுறுத்தி லேகியம் விற்கிறார்கள். இந்தப் பயம் நம் நாடுகளில் எவ்வளவு பரவலானது என்றால், 1960இலேயே இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் அதற்கு 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். விந்து போனால் சக்தி போய்விடும் என்று நம்பி, அந்தக் கவலையிலேயே சோர்ந்து, தூக்கம் கெட்டு, பசி கெட்டு வருகிற ஆண்களைத்தான் அவர் பார்த்தார். விந்து வெளியேறியதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நம்பிக்கைதான் அவர்களை வாட்டியது. அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நாற்பது வயதில் வந்து, பதினான்கு வயதில் செய்த கைப்பழக்கத்தால்தான் முதுகு வலிக்கிறது என்று சொல்வார்கள். கைப்பழக்கத்தால் நரம்பும் தளராது, கண்ணும் மங்காது, பின்னால் குழந்தை பிறப்பதும் தடைப்படாது. அது தனிமையில் இருக்கவேண்டிய விஷயம், கதவைச் சாத்திக்கொள், நாங்களும் தட்டிவிட்டுத்தான் வருவோம் என்று மட்டும் பிள்ளைக்குச் சொன்னால் போதும்.

இனி என்னவெல்லாம் சொல்வது? ஒரே நாளில் உட்கார வைத்து உபதேசம் செய்யாதீர்கள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், ஒன்றும் ஏறாது. காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, துணி மடிக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்கவேண்டாத நேரங்களில் ஐந்து நிமிடம் பேசுங்கள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். மறுவாரம் இன்னொன்று.

மாற்றம் எதில் தொடங்குகிறது என்பது பெற்றோருக்கே தெரிவதில்லை. மீசையையும் குரலையும்தான் பார்க்கிறார்கள். அவை பின்னால் வருகிறவை. முதல் அடையாளம் விதைகள் பெரிதாவது. குழந்தை மருத்துவர்களிடம் பன்னிரண்டு மணிகள் கோத்த ஒரு சரம் இருக்கும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் செய்தது. ஒரு மில்லிலிட்டர் அளவு மணியில் தொடங்கி இருபத்தைந்து வரை போகும். பையனின் விதை நான்கு மில்லிலிட்டர் மணியின் அளவை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது, உள்ளே வேலை தொடங்கியிருக்கும். அதன் பிறகுதான் ஆண்குறி வளர்வது, முடி முளைப்பது, வியர்வை நாற்றம், முகப்பரு, குரல் உடைவது, கடைசியாக மீசை.

இங்கிலாந்தில் மார்ஷலும் டேனரும் ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் குழந்தைகள் இல்லத்துப் பையன்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1970இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாகப் பதினொன்றரை வயதை ஒட்டி மாற்றம் தொடங்கியது. ஆனால் பையனுக்குப் பையன் இடைவெளி மிகப் பெரிது. ஒருவன் எல்லா மாற்றமும் முடிந்து நிற்கும் வயதில் இன்னொருவனுக்குத் தொடங்கவே இல்லை. உங்கள் மகன் அடுத்து முதலாம் படிவத்துக்குப் போவான். அந்த வகுப்பில் மீசை வைத்தவனும் இருப்பான், கீச்சுக்குரல்காரனும் இருப்பான். இரண்டு பேருமே தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். பெண்பிள்ளைகள் அவர்களைவிட உயரமாக இருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வளர்ச்சியின் வேகம் இரண்டு வருடம் முந்தி வருகிறது. பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கில் வரும். அந்த ஒரு வருடத்தில் ஒன்பது, பத்து செண்டிமீட்டர்கூட வளர்வான். ஒன்பது வயதுக்கு முன்பே தொடங்கினாலோ, பதினான்கு முடிந்தும் ஒன்றுமே தொடங்காவிட்டாலோ டாக்டரைப் பார்க்கவேண்டும். நடுவில் எப்போது வந்தாலும் அது அவனுடைய நேரம்.

முன்தோல் விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. இங்கே நம் பையன்களை மலாய்க் கூட்டாளிகள் 'சுனாட் பண்ணலையா' என்று கிண்டல் செய்வதுண்டு. தன்னிடம் ஏதோ குறை என்று பையன் நினைத்துக்கொள்கிறான். ஒரு குறையும் இல்லை. பிறக்கும்போது ஒட்டியிருக்கிற தோல் வருடக்கணக்கில் மெதுவாகத் தளர்கிறது, சிலருக்குப் பதினைந்து பதினாறு வரைகூட ஆகும். வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது. இழுத்தால் கிழியும், ஆறும்போது தழும்பாகி இறுகிவிடும். தானாக எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு மட்டும் விலக்கி, குளிக்கும்போது வெறும் தண்ணீரால் கழுவி, தோலை மறுபடி முன்னால் கொண்டுவந்துவிடவேண்டும். பின்னால் போன தோல் திரும்பி வராமல் வீங்கிக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இதை ஆண் ஒருவர் சொன்னால் பையனுக்குச் சுலபம். நீங்கள் சொன்னாலும் குற்றமில்லை, சின்ன வயதில் குளிப்பாட்டியவர் நீங்கள்தானே.

இனிச் சொல்லப்போவது எதை மறந்தாலும் மறக்கக் கூடாதது. நான் வேலையில் இருந்தபோது ஒரு பையனைக் காலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். முதல்நாள் இரவிலிருந்து வயிற்று வலி, வாந்தி. முதலில் பார்த்த இடத்தில் காற்றுப் பிரச்சினை என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அம்மா வயிற்றில் விளக்கெண்ணெய் தடவியிருக்கிறார். பையன் இரண்டு கால்களையும் சேர்த்து மடக்கிக்கொண்டு, கட்டிலில் நீட்டிப் படுக்கவே மறுத்தான். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தேன். "தம்பி, கீழே வலிக்குதா?" என்றதும் தலையை ஆட்டினான். ஒரு பக்க விதை வீங்கிச் சிவந்து மேலே ஏறியிருந்தது. இரவு பத்து மணிக்கே அங்கேதான் வலி தொடங்கியது, வெட்கப்பட்டு வயிறு என்று சொல்லிவிட்டான். அனுப்பிவைத்த மருத்துவமனையில் அறுவை செய்து அந்த விதையை எடுக்கவேண்டியதாயிற்று.

விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் திடீரென்று முறுக்கிக்கொள்வதால் வருவது இது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுவரைதான் அதிகம். பந்து விளையாடும்போதும் வரலாம், தூக்கத்திலும் வரலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் விதை பெரும்பாலும் பிழைத்துவிடும். ஒருநாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். இந்த நோயில் பிள்ளை வாய்திறந்து சொல்கிற நேரம்தான் மருந்து. எனவே உங்கள் மகனிடம் சொல்லிவையுங்கள்: "விதையில திடீர்னு வலி வந்தா, நடுராத்திரியா இருந்தாலும் என்னை எழுப்பு. பள்ளியிலயா இருந்தா உடனே ஆசிரியர்கிட்டச் சொல்லு." நீங்கள் கிளினிக், மாத்திரை என்று அலையவேண்டாம், நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் பக்கம் செலாயாங் மருத்துவமனை இருக்கிறது. கிள்ளானில் இருப்பவர்கள் தெங்கு அம்புவான் ரஹிமாவுக்குப் போகலாம். போனதும் 'வயிற்று வலி' என்று சொல்லாதீர்கள், வலிக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

வீட்டில் அந்த இடத்துக்கு எந்த வார்த்தை புழங்குகிறதோ அதையே பயன்படுத்துங்கள். விதை, ஆண்குறி என்பது நாவில் வராவிட்டால் கவலையில்லை. கேட்கிறவருக்கு விளங்கினால் சரி.

வாய்திறந்து சொல்கிற இதே பழக்கம் வேறொரு ஆபத்திலிருந்தும் பிள்ளையைக் காக்கும். ரிச்சர்ட் ஹக்கில் என்ற ஆங்கிலேயன் பல வருடம் கோலாலம்பூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பங்களில் நல்லவனாகப் பழகி, குழந்தைகளைச் சீரழித்தான். 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2017இல் சிறார் பாலியல் குற்றங்களுக்கென்றே இங்கே தனிச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அது பொது. பிள்ளையைப் பேசி மயக்கி வசப்படுத்துவதே குற்றம். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நாம் அசட்டையாக இருக்கிறோம். கொரோனா ஊரடங்குக் காலத்தில் பாடத்துக்காக வாங்கிக்கொடுத்த கைப்பேசி இப்போது அவனுடையதாகிவிட்டது. இணையம் பயன்படுத்துகிற 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 4 விழுக்காட்டினர் ஒரே ஆண்டில் இணையவழிப் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று யுனிசெஃப்பும் மற்றவர்களும் 2022இல் மலேசியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. படம் கேட்டால் அனுப்பாதே. அனுப்பிவிட்டு மிரட்டலில் மாட்டிக்கொண்டாலும் என்னிடம் வா, அடிக்கமாட்டேன். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் முதலாவதால் பயனில்லை. உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண் எந்த நேரமும் இருக்கிறது.

உடம்பைப் பற்றிப் பேசும்போதே பெண்பிள்ளைகளைப் பற்றியும் பேசிவிடுங்கள். வகுப்புத் தோழியின் பாவாடையில் கறை பட்டிருந்தால் சிரிக்கக் கூடாது, சட்டையையோ பையையோ கொடுத்து உதவவேண்டும் என்று பையனுக்கு அம்மாதான் சொல்லவேண்டும். மாதவிலக்கு என்றால் என்னவென்று தெரியாத பையன்தான் சிரிக்கிறான். தன் உடம்பைப் பற்றி வெட்கமில்லாமல் கேட்டு வளர்ந்தவன் அடுத்தவர் உடம்பைக் கேலி செய்யத் துணிவது குறைவு. இது என் அனுபவம்.

"பொம்பள நான் எப்படி" என்ற கேள்விக்கு வருகிறேன். தாராளமாக நீங்கள் சொல்லலாம். அவன் முதலில் உங்களிடம்தான் அழுதான், அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? ஆனாலும் ஆண் துணையும் அவனுக்கு வேண்டும். கணவர் லாரி நிறுத்தி ஓய்வெடுக்கும் நேரத்தில் மகனை மட்டும் கூப்பிட்டு, "எனக்கும் உன் வயசுல வந்துச்சுடா, நானும் பயந்தேன்" என்று சொல்லட்டும். அவர் பெரிதாக வேறொன்றும் பேசவேண்டாம். அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்கமாட்டார்கள், அதனால் கூச்சப்படுவார். இந்தக் கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டுங்கள். மொட்டையடித்தபோது அவனை மடியில் வைத்துக்கொண்ட உங்கள் அண்ணனோ தம்பியோ இருப்பார் அல்லவா? காதுகுத்துக்கு வந்த தாய்மாமனுக்கு இதிலும் கடமை உண்டு. முதல் சவரக்கத்தியை அவர் வாங்கித்தரட்டும், எப்படிப் பிடிப்பது என்று காட்டித்தரட்டும், அந்தச் சாக்கில் மற்றதையும் பேசட்டும். யாரும் வாய்க்கவில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்கில் இளையோர் நலச் சேவை கேளுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். என்னைப் போன்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் அங்கே இருப்பார், பையனைத் தனியாக விட்டுப் பேசச் சொல்லலாம்.

வீட்டில் செய்யவேண்டிய சின்ன ஏற்பாடு ஒன்று. அவனுக்கென்று ஒரு துணிக்கூடை வையுங்கள், மாற்றுக் கைலி இரண்டு அவன் அலமாரியிலேயே இருக்கட்டும். துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கச் சொல்லிக்கொடுங்கள். விடிகாலையில் ஒளிந்து அலசுகிற நிலை அவனுக்கு வேண்டாம். துணியில் எதைப் பார்த்தாலும் கேட்காதீர்கள், தம்பியிடமும் பாட்டியிடமும் சொல்லிச் சிரிக்காதீர்கள். வியர்வை வாடைக்குத் தினம் இரண்டு வேளைக் குளியலும் துவைத்த பனியனும் போதும். நம் வெயிலுக்கு அது எப்படியும் வேண்டியதுதான்.

சின்னவனுக்கு எட்டு வயது என்றால் இப்போதே தொடங்கலாம். உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் பெயர் தெரியட்டும். மறைவான இடத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால் உங்களிடம் சொல்லவேண்டும், அங்கே வலித்தாலும் சொல்லவேண்டும் என்பது தெரியட்டும். எட்டு வயதுக்கு அவ்வளவு போதும். பத்து வயது நெருங்கும்போது, இன்னும் கொஞ்ச நாளில் உன் உடம்பு இப்படியெல்லாம் மாறும் என்று அடுத்ததைச் சொல்லுங்கள். அப்போது பெரியவனுக்குப் பதினான்கு ஆகியிருக்கும். குரல் உடைந்து, உங்கள் தோளுக்கு மேல் வளர்ந்திருப்பான். தம்பிக்குச் சொல்கிற வேலையை அவனிடமே கொடுத்துப் பாருங்கள். பக்கத்து அறையில் அவன் என்ன சொல்கிறான் என்று காதுகொடுத்துக் கேளுங்கள். தப்பாகச் சொன்னால் மட்டும் உள்ளே போய்த் திருத்துங்கள்.

பூசம் முடிந்ததும் மறுபடி எழுதுங்கள். அவன் பால்குடம் எடுத்தானா, பனியனோடு எடுத்தானா, அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தானா, எதுவானாலும் எழுதுங்கள். தள்ளிவைத்தாலும் வற்புறுத்தாதீர்கள், வேண்டுதல் காத்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்